ஹெல்சின்கி - டோக்கியோ: தூரம் அதேதான், நேரம் ஏன் கூடிடுச்சு?

ரெண்டு ஏர்போர்ட்டோட அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தா தூரத்தைச் சொல்ற புரோகிராம் எழுதுறது பத்து வரி வேலை. ஹேவர்சைன்னு ஒரு ஃபார்முலா, அவ்வளவுதான். நான் ஹெல்சின்கியையும் டோக்கியோ நரிட்டாவையும் கொடுத்துப் பார்த்தேன். சுமார் 7,830 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும்னு வச்சுக்குங்க. ஏறுறது, இறங்குறது, ரன்வேக்கு ஊர்ந்து போறது எல்லாம் சேர்த்தா ஒன்பதரை மணி நேரம். 2022 தொடக்கம் வரைக்கும் ஃபின்ஏர் கணக்கும் கிட்டத்தட்ட இதேதான். அதுக்கப்புறம்? சுமார் 13 மணி நேரம்.

ஃபார்முலா தப்பில்லை. அது பூமியை ஒரு உருண்டையாத்தான் பார்க்குது. அந்த உருண்டைக்கு மேல நாடுகளோட வான்வெளி இருக்கறது அதுக்குத் தெரியாது. நேர்வழி முக்கால்வாசிக்கும் மேல ரஷ்யா மேலதான் போகுது. உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் ஐரோப்பிய யூனியன் ரஷ்ய விமானங்களைத் தடுத்தது. பிப்ரவரி 28-ஆம் தேதி ரஷ்யா பதிலுக்குத் தன் வானத்தை மூடிடுச்சு.

மிச்சம் ரெண்டு வழி. ஒண்ணு தெற்கே: காகசஸ், கஜகஸ்தான், சீனா, கொரியா. இன்னொண்ணு வட துருவம் வழியா. ஹெல்சின்கிலேர்ந்து துருவம் 3,300 கிலோமீட்டர். அங்கேர்ந்து நேரா கீழே இறங்கினா மறுபடி சைபீரியா! அதனால அலாஸ்கா பக்கம் ஒதுங்கணும். பெரிங் ஜலசந்தி வரைக்கும் 2,780, அப்புறம் நரிட்டா 4,650. கூட்டினா 10,700-ஐத் தாண்டுது. கம்சட்காவையும் தொடாம வளைஞ்சு போனா இன்னும் கூடும். எந்த வழின்னு அன்னிக்குக் காத்து எப்படி அடிக்குதுன்னு பார்த்துத்தான் முடிவு பண்றாங்க.

இது புதுசும் இல்லை. 1983-ல சோவியத் அனுமதி கிடைக்காம, டிசி-10 விமானத்துல ஃபின்ஏர் துருவம் வழியா எங்கேயும் நிக்காம டோக்கியோ போச்சு. அப்பவும் ஏறக்குறைய 13 மணி நேரம்தான்.

பயணிக்கு மூணரை மணி நேரம்னா இன்னும் ரெண்டு படம். கம்பெனிக்கு அப்படி இல்லை. போக ஒன்பதரை, வர ஒன்பதரை, மொத்தம் 19. மிச்ச 5 மணி நேரத்துல சுத்தம் பண்ணி, எரிபொருள் நிரப்பி, அதே விமானத்தை அடுத்த நாள் அதே நேரத்துக்குக் கிளப்பிடலாம். 'ஆசியாவுக்குக் குறுக்குவழி'ங்கிற ஃபின்ஏரோட மொத்த வியாபாரமே இந்தக் கணக்குலதான் நின்னுது. 13-ஐ ரெண்டால பெருக்குங்க, 26. ஒரு நாளுக்குள்ள அடங்கவே அடங்காது. இன்னொரு விமானம் வேணும், கூடுதல் பைலட் வேணும், எரிபொருள் செலவு தனி.

இதுல கடுப்பு என்னன்னா, சீன விமான நிறுவனங்களுக்கு இந்தத் தடை இல்லை. ஐரோப்பாலேர்ந்து பெய்ஜிங் டிக்கெட் தேடுறப்ப ரெண்டு கம்பெனியோட பயண நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, வித்தியாசம் அங்கேயே தெரியும்.