வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழும் மாணவர்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவி ஒருத்தி தள்ளாடி விழுகிறாள். "லோ பிரஷர்தான்" என்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து வகுப்புக்கு அனுப்பிவிடுகிறோம். குறைந்த ரத்த அழுத்தம் ஒரு நோயின் பெயரன்று, ஓர் அறிகுறி. எதனால் என்று கேட்பதே முக்கியம்.

பெரியவர்களுக்கு 90/60-க்குக் கீழே போனால் குறைவு என்பர். சிறுவர்களுக்கு இயல்பு அளவே வயதுக்கேற்பக் குறைவாக இருக்கும். தொந்தரவு எதுவும் இல்லையென்றால் எண்ணை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டாம்.

அசையாமல் நிற்கும்போது ரத்தம் கால்களில் தேங்குகிறது. அதை மேலே தள்ளுபவை கெண்டைக்கால் தசைகள். 'நேராக நில்' என்று நாம் அதட்டும்போது அந்தத் தசைகளுக்கு வேலையில்லாமல் போகிறது! குதிகாலை அவ்வப்போது உயர்த்தி இறக்கச் சொல்லலாம்.

இதனோடு தண்ணீர்க் குறைவும் சேர்ந்தால் மயக்கம் எளிதில் வரும். மாரண்டஹள்ளி போன்ற ஊர்களுக்குச் சுற்றுச் சிற்றூர்களிலிருந்து பேருந்தேறி வரும் பிள்ளைகள் பலர் வெறும் வயிற்றோடு கிளம்புகிறார்கள். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்கு வந்தவர்களிடம் "சாப்பிட்டாயா?" என்று நாம்தான் கேட்க வேண்டும். கழிப்பறைக்குப் போகத் தயங்கித் தண்ணீரே குடிக்காத மாணவிகளும் உண்டு. கேரளத்தில் 2019-இல் வந்த 'தண்ணீர் மணி' இப்போது நம் பள்ளிகளிலும் ஒலிக்கிறது. ஆனால் கழிப்பறை சரியில்லாத இடத்தில் மணி அடித்து என்ன பயன்?

ரத்தசோகை வேறு, ரத்த அழுத்தக் குறைவு வேறு. இரண்டையும் 'ரத்தம் கம்மி' என்றே சொல்கிறோம். சோகைக்கு ஹீமோகுளோபின் பரிசோதனை வேண்டும். வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கினார்களா என்றும் பார்க்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்: ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுவோருக்கு எழும்போது தலைசுற்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம்.

அஞ்ச வேண்டியது டெங்குவுக்கு. காய்ச்சல் விட்டதும் குழந்தை தேறிவிட்டது என்று பள்ளிக்கு அனுப்புவார்கள். அந்த ஓரிரு நாளில்தான் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் சட்டென்று இறங்கக்கூடும். கை கால் சில்லிடுதல், கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்ந்து கிடத்தல் இவற்றில் எது தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். குளவி கொட்டியபின் உடல் தடித்து மூச்சுத் திணறினாலும் அப்படியே.

சாதாரண மயக்கமென்றால் மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். கூட்டம் விலகட்டும். நினைவு முழுதாகத் திரும்பும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள், குளுக்கோஸையும்தான்.