இயற்கை உணவகத்தில் ஒரு வேளை உணவு: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுபவர்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “குடும்பத்தோடு வெளியே சென்று ஒரு வேளை சாப்பிடலாமா?” பெரும்பாலானவர்கள் சாப்பிடலாம். எதை, எவ்வளவு, எப்பொழுது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பகுதிகளின் பழைய சைவ உணவகங்களுடன், அடையாறு, பெசன்ட் நகர், நுங்கம்பாக்கம் போன்ற இடங்களில் சிறுதானிய உணவகங்களும் பால் பொருள்களை முற்றிலும் தவிர்க்கும் தாவர உணவகங்களும் இன்று உள்ளன. இவை நல்ல வாய்ப்புகளே. ஆயினும் பெயர்ப்பலகையில் ‘ஆரோக்கியம்’ என்றிருப்பதால் அங்குள்ள ஒவ்வோர் உணவும் உங்கள் நோய்க்கு ஏற்றதாகிவிடாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

சிறுதானியத்திலும் மாவுச்சத்து உண்டு. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராமும், அதே அளவு கேழ்வரகில் சுமார் 67 கிராமும் மாவுச்சத்து உள்ளது. கேழ்வரகில் நார்ச்சத்து மிகுதி என்பது உண்மையான நன்மையே. ஆனால், “கம்பு தோசைதானே” என்று நான்கு தோசை உண்டால் இரத்தச் சர்க்கரை உயரவே செய்யும்.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகிய அனைத்தும் சர்க்கரையே. இவற்றால் செய்த இனிப்புகளையும் பானங்களையும் ‘சர்க்கரை இல்லாதவை’ எனக் கருதக் கூடாது. பழச்சாற்றைவிட முழுப் பழம் நல்லது.

உணவுக்கு முன் விரைவாகச் செயல்படும் இன்சுலின் போடுபவர்கள், வீட்டிலேயே போட்டுக்கொண்டு புறப்பட வேண்டாம். விடுமுறை நாள்களில் மேசைக்காகவே அரை மணி நேரம் காத்திருக்க நேரிடலாம். அதற்குள் சர்க்கரை அபாயகரமாகக் குறையக்கூடும். ஊசி போடும் நேரத்தை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ நீரில் கலந்து அருந்த வேண்டும். 15 நிமிடத்தில் குறையாவிடில் மீண்டும் ஒருமுறை அருந்தலாம். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள்.

சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு

இங்கே கூடுதல் எச்சரிக்கை தேவை. இளநீர், கீரைச்சாறு, பழச்சாறு, தக்காளி சூப், வாழைப்பழக் கலவை ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. மற்றவர்களுக்கு நன்மை தரும் இப்பானங்கள், இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவருக்கு இதயத் துடிப்பைப் பாதிக்கலாம், உயிருக்கும் ஆபத்தாகலாம். சோடியம் குறைந்த உப்பு வகைகளில் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருப்பதால் அவற்றையும் தவிர்க்க வேண்டும்.

உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு

ஒரு நாளுக்கான மொத்த உப்பு 5 கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு, உட்பட்டிருத்தல் வேண்டும். ஊறுகாய், அப்பளம், பொடி வகைகள், இறைச்சி போன்று தயாரிக்கப்படும் சோயா உணவுகள் ஆகியவற்றில் உப்பு அதிகம். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் உப்பே. அது மாற்று மருந்தன்று.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு

பாலில்லாத் தேநீரிலும் இனிப்புகளிலும் முந்திரி, பாதாம், வேர்க்கடலை, சோயா ஆகியவற்றின் பால் சேர்க்கப்படுவதுண்டு. கோதுமை ஒவ்வாதவர்கள் மற்றொன்றையும் கேட்டறிய வேண்டும்: கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சிறுதானிய தோசை மாவிலும் ரவை சேர்க்கப்படலாம்.

புற்றுநோய் மருந்துகளோ உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பிந்தைய மருந்துகளோ உட்கொள்பவர்கள், வேகவைக்காத முளைகட்டிய பயறையும் பச்சைக் காய்கறிக் கலவைகளையும் வெளியில் உண்ணாதிருப்பது பாதுகாப்பானது.

குறியீடுகளைப் படித்தல்

பொட்டலத்தில் உள்ள பச்சைப் புள்ளி சைவ உணவைக் குறிக்கும். அதில் பாலும் நெய்யும் இருக்கலாம். 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உடைய உணவகங்கள் ஒவ்வோர் உணவின் கலோரி அளவையும் உணவுப் பட்டியலில் காட்ட வேண்டும். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

பால் பொருள்களையும் முற்றிலும் தவிர்த்து நெடுநாள் தாவர உணவு மட்டும் உண்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். மெட்ஃபார்மின் உட்கொள்பவர்களுக்கு இந்த வாய்ப்பு மேலும் கூடும். கால் மரத்துப்போதல், மிகுந்த சோர்வு இருப்பின் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

எவ்வாறு கேட்பது?

“சாதம் பாதி, பொரியலும் கூட்டும் கூடுதலாக” எனக் கேட்கலாம். பொரித்ததற்குப் பதில் ஆவியில் வேகவைத்ததைத் தேர்ந்தெடுக்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் பருப்பு, காய்கறி வகைகளை மருத்துவர் கூறிய அளவிலேயே உண்ண வேண்டும்.

பராமரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மற்றவர்கள் முன்னிலையில் நோயாளியின் தட்டைக் குறித்துக் கடிந்துகொள்ள வேண்டாம். என்ன உண்பது என்பதை வீட்டிலேயே அவரோடு கலந்து முடிவு செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் தடை விதித்தால், நாளடைவில் அவர் குடும்பத்தோடு வெளியே வருவதையே நிறுத்திவிடுவார். அந்தத் தனிமையும் உடல்நலத்திற்குக் கேடே.

உணவு குறித்த ஐயங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். மருத்துவர் கூறாமல் எந்த மருந்தின் அளவையும் நீங்களாக மாற்ற வேண்டாம்.