மா தெலுகு தல்லிகி: பாடலும் பொருளும்

ஆந்திர மாநிலத்தில் வாழும் தமிழர் ஒருவருக்கும் இப்பாடல் புதியதன்று. அரசு விழா தொடங்குமுன் அது ஒலிக்கும். யாவரும் எழுந்து நிற்பர். கங்காதர நெல்லூர், சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் பிழைப்புக்காகக் குடிவந்த தமிழரும் உண்டு; எல்லை வகுக்கப்பட்டபோது இருந்த இடத்திலேயே இருந்து வேறு மாநிலத்தவர் ஆனவரும் உண்டு. 'இது அயலார் பாட்டு. மரியாதைக்காக நிற்கிறோம்' என்று கருதுவோர் அவர்களிடையே இல்லாமல் இல்லை. பாடலை இயற்றியவர் யார் என்று அறிந்தால் அக்கருத்துச் சிறிது தளரக்கூடும்.

அவர் சங்கரம்பாடி சுந்தராச்சாரி. 1914-இல் திருப்பதியில் பிறந்தவர். அவருடைய தாய்மொழி தமிழ். தெலுங்கைக் கற்றுத் தேர்ந்து, அம்மொழியிலேயே கவி பாடினார். தெலுங்குத் தாய்க்கு மல்லிகை மாலை சூட்டி, பெற்ற தாய்க்கு மங்கள ஆரத்தி எடுக்கும் பாடல், வீட்டில் தமிழ் பேசிய ஒருவரின் உள்ளத்திலிருந்து எழுந்தது.

1942-இல் 'தீனபந்து' என்னும் திரைப்படத்திற்காக இது எழுதப்பெற்றது. சித்தூர் நாகையா நடித்த படம் அது. ஆயினும் படத்தில் பாடல் இடம்பெறவில்லை. பின்னர் எச்.எம்.வி. நிறுவனத்தார் இதனை இசைத்தட்டாக வெளியிட்டனர். ஆந்திர கேசரி பிரகாசத்தின் சகோதரர் மகளான டங்குட்டூரி சூரியகுமாரி பாடினார். படம் ஒதுக்கிய பாட்டை இசைத்தட்டு வாழ வைத்தது. ஆந்திர மாநிலம் என ஒன்று அப்போது இல்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். சென்னை மாகாணத்தில் தமிழரும் தெலுங்கரும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்த காலம் அது. ஆந்திரம் தனி மாநிலமானது 1953 அக்டோபர் 1-இல். பாட்டு அதனினும் பதினோராண்டு மூத்தது.

பொருளைப் பார்ப்போம். தாயின் வயிற்றில் பொன் விளைகிறது, பார்வையில் கருணை இருக்கிறது என்று முதலில் வாழ்த்துகிறார் கவிஞர். அடுத்துக் கோதாவரியும் கிருஷ்ணையும் பெருகி ஓடுகின்றன. பிறகு அமராவதிச் சிற்பங்கள். அவற்றுட் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன, ஊருக்குப் போகும்போது கண்டு வரலாம். அதன்பின் தியாகராஜரின் குரல் பேசப்படுகிறது. அவர் பாடியது தெலுங்கில். பிறந்தது திருவாரூரில், 1847-இல் மறைந்தது திருவையாற்றில். கோதாவரியைப் போற்றும் பாடலுக்குள் காவிரிக் கரையும் ஓசையின்றி வந்து சேர்ந்துவிடுகிறது.

திக்கனரின் எழுதுகோல் அடுத்தது. மகாபாரதத்தைத் தெலுங்கில் ஆக்கிய மூவருள் ஒருவர் அவர், பதின்மூன்றாம் நூற்றாண்டினர். அவருடைய நெல்லூர் பெண்ணையாற்றங்கரை நெல்லூர், நம் கங்காதர நெல்லூர் அன்று. நெல்லும் ஊரும் சேர்ந்த அப்பெயர் தமிழ்ச் செவிக்கு விளக்கம் வேண்டாதது!

ருத்திரம்மாவின் தோள்வலி, மல்லம்மாவின் பதிபக்தி, அமைச்சர் திம்மரசின் மதிநுட்பம், கிருஷ்ணதேவராயரின் புகழ் என அடுக்கிச் செல்கிறது இறுதிப் பகுதி. முதுமையில் திம்மரசின் கண்களைப் பறித்தவர் அதே மன்னரே என்று நூனிஸ் என்ற போர்த்துகீசியர் எழுதியுள்ளார். பாட்டில் இருவரும் பகையின்றி அருகருகே நிற்கின்றனர். வாழ்த்துப் பாடலில் வழக்கு விசாரணைக்கு இடமில்லைதானே? அம்மன்னர் தெலுங்கில் பாடிய 'ஆமுக்தமால்யதா' நம் ஆண்டாளின் கதை என்பதையும் இவ்விடத்தே சொல்லிவைக்கலாம்.

நம் தமிழ்த்தாய் வாழ்த்தின் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. 1891-இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தின் பாயிரத்தில் அதனைப் பாடிய சுந்தரம் பிள்ளை, ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பணியாற்றியவர். 1970-இல் தமிழக அரசு அதனை விழாக்களில் பாட ஏற்றது. 2021-இல் மாநிலப் பாடல் என அறிவித்தது. தமிழ்நாட்டின் வாழ்த்தும் மலையாள நாட்டில் வாழ்ந்த தமிழர் ஒருவர் தந்ததே. இரு கவிஞருக்கும் சுந்தரன் என்ற பெயர் அமைந்தது தற்செயல்தான்.

ருத்திரம்மா ஆண்ட ஓரங்கல், 2014-இல் பிரிந்த தெலங்கானாவில் உள்ளது. அம்மாநிலம் 2024-இல் தனக்கென வேறொரு பாடலை ஏற்றுக்கொண்டது. ஆந்திரத்தில் சுந்தராச்சாரியின் பாடலே தொடர்கிறது. அவர் 1977-இல் காலமானார். பிறந்த திருப்பதியில் அவருக்குச் சிலை எழுப்பியுள்ளனர்.