பட்டியலில் சேராத சோதனை

செயற்கைக்கோள் படங்களையும் வரைபடக் கோப்புகளையும் திறந்து படிக்கும் ஜிடால் நூலகத்தை பிராங்க் வார்மர்டாம் 1998இல் எழுதத் தொடங்கினார். உள்ளே ஓடுவது சி பிளஸ் பிளஸ். ஆனால் பலர் அதைத் தொடுவது பைத்தான் வழியாகத்தான். இரண்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பு நிரலை ஸ்விக் என்ற கருவி உருவாக்கித் தருகிறது. பிடிக்கச் சிரமமான பிழைகள் ஒளிந்திருப்பது அந்த இணைப்பில்தான்.

ஒன்றைப் பாருங்கள். பைத்தானில் ஒரு படத்தைத் திறந்து, அதே வரியில் அதன் முதல் பேண்டையும் (படத்தின் ஓர் அடுக்கையும்) வாங்கிவிடுகிறோம். படத்தைப் பிடித்து வைக்க மாறி எதுவும் இல்லை. வேண்டாத பொருள் என்று பைத்தான் அதை விடுவித்துவிடுகிறது. பேண்ட் மட்டும் கையில் மிஞ்சுகிறது. ஜிடாலின் பழைய பதிப்புகளில் அதைத் தொட்டால் பிழைச்செய்திகூட இல்லாமல் நிரல் முழுவதும் விழுந்துவிடக்கூடும். சி பிளஸ் பிளஸை மட்டும் சோதித்தவருக்கு இது கண்ணில் படவே படாது.

ஜிடாலில் 2018க்கு முன்பும் சோதனைகள் இருந்தன. அவற்றைப் பைத்தானிலேயே எழுதியது அருமையான முடிவு: நூலகமும் இடைமுகமும் ஒன்றாகவே சோதனைக்கு வந்தன. ஆனால் சோதனையை ஓட்டும் சட்டகம் அவர்களே செய்துகொண்டது. ஒவ்வொரு சோதனையும் வெற்றி, தோல்வி என்று ஒரு சொல்லைத் திருப்பித் தரும். எதனால் தோற்றது என்பதை எழுதியவரே தனியாகச் சொல்ல வேண்டும். கோப்பின் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கும். புதுச் சோதனையின் பெயரை அதில் சேர்க்க மறந்தால் அது ஓடவே ஓடாது. ஓடாத சோதனை தோற்பதும் இல்லை. அதனால் யாரும் தேடமாட்டார்கள்.

2018இல் பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவிக்கு மாறும் திட்டம் வந்தது. இப்போது டெஸ்ட் என்று பெயர் தொடங்கினாலே போதும், சோதனையைக் கருவியே கண்டுபிடித்துக்கொள்ளும். மதிப்பைச் சரிபார்க்கும் அசெர்ட் வரி தோற்றால், எதிர்பார்த்த மதிப்பும் வந்த மதிப்பும் அருகருகே தெரியும். யாராவது மாற்றம் அனுப்பினால் லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் சோதனைகள் தாமாக ஓடுகின்றன. நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் சானிடைசரும் கூடவே ஓடுகிறது. எனக்கு இதுதான் பெரிய மாற்றம். பயனரின் கணினியில் நடந்திருக்கக்கூடிய விபத்து, வெளியீட்டுக்கு முன்பே அகப்படுகிறது.

உங்கள் நூலகத்துக்கும் பைத்தான் இடைமுகம் இருந்தால், அடுத்த பிழைப் புகாரைத் திருத்தும் முன், அந்தப் பிழையில் விழும் சோதனை ஒன்றைப் பைத்தானிலேயே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.