வெளிநாட்டுப் போனும் உள்ளூர் அலைவரிசையும்

கடல் கடந்து பொருள் தேடச் சென்றவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது சுற்றத்தாருக்கென்று பெட்டியில் அடுக்கிக் கொண்டுவரும் சாமான்களில், ஒரு காலத்தில் டேப் ரிக்கார்டரும் கைக்கடிகாரமும் வாசனைத் திரவியமும் வகித்துவந்த பிரதான ஸ்தானத்தை, இப்போது ஸ்மார்ட்போன் என்னும் சிறிய யந்திரம் கைப்பற்றிக்கொண்டுவிட்டது. அயல்நாட்டில் இருக்கும் பிள்ளையோ மருமகனோ வாங்கி அனுப்புவது ஒருபுறமிருக்க, பர்மாவிலிருந்து அகதிகளாகத் திரும்பிய தமிழர்கள் கடை விரித்ததனால் அப்பெயர் பெற்ற சென்னைப் பர்மா பஜாரில், வெளிநாட்டுச் சரக்கென்ற ஒரே கியாதியின் பேரில் போன்கள் விலைபோவதும் நெடுநாளைய வழக்கம். இவ்வாறு வந்து சேரும் போனைப் பற்றி, அதன் காமிரா எத்தகையது, திரை எவ்வளவு பெரியது, உள்ளூர் விலையைவிட எவ்வளவு மலிவு என்றெல்லாம் ஆர அமர விசாரிக்கிற நாம், எல்லாவற்றுக்கும் முந்திக் கேட்கவேண்டிய ஒரு கேள்வியை, அதாவது இந்தப் போன் நம் ஊர் டவரோடு பேசுமா என்ற கேள்வியை, பணம் கைமாறி அட்டைப்பெட்டியும் பிரிக்கப்பட்ட பிறகே கேட்கிறோம். அதற்கு முன்கூட்டியே விடை காண்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், எத்தனை வித்தைகள் தெரிந்ததானாலும், செல்போன் அடிப்படையில் ஒரு வானொலிக் கருவிதான். தன்னுள் அமைக்கப்பட்ட சில அலைவரிசைகளில் மட்டுமே அதனால் கேட்கவும் பேசவும் முடியும். ஐக்கிய நாடுகள் சபையைச் சார்ந்த சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், வானொலி அலைகளை ஒதுக்கும் காரியத்துக்காக உலகத்தை மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் அரபு நாடுகளும் முதல் மண்டலத்தில் அடங்கும். வட, தென் அமெரிக்கக் கண்டங்கள் இரண்டாவது மண்டலம். இந்தியா, சிங்கப்பூர், ஜப்பான், ஆஸ்திரேலியா முதலிய தேசங்கள் மூன்றாவது மண்டலத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொரு மண்டலத்துக்குள்ளும் அந்தந்த அரசாங்கம், தன் ராணுவமும் தொலைக்காட்சியும் செயற்கைக்கோள்களும் முன்பே பிடித்துக்கொண்ட இடம் போக மீதியிருந்ததைத்தான் செல்போன் ஸ்தாபனங்களுக்கு ஏலம் விட்டது. 1995-ஆம் ஆண்டில் இந்தியாவில் செல்போன் சேவை பிறந்தபோது அது 900 மெகாஹெர்ட்ஸில் இயங்கியதும், அதே காலத்தில் அமெரிக்கா 850-லும் 1900-லும் பேசிக்கொண்டிருந்ததும் இவ்வாறு நேர்ந்த பேதமே. மீட்டர் கேஜ் தண்டவாளத்தில் பிராட் கேஜ் எஞ்சின் ஓடாததற்கு எஞ்சினைக் குறைசொல்வது எப்படி நியாயமாகாதோ, அப்படியே நம் ஊரில் சிக்னல் எடுக்காத வெளிநாட்டுப் போனையும் மட்டமான சரக்கென்று தள்ளுவது நியாயமாகாது; அது வேறொரு தேசத்துப் பாதைக்கென்று செய்யப்பட்டது, அவ்வளவுதான்.

ஆகையால் முதலில் நம் நாட்டில் எந்தெந்த அலைவரிசைகள் புழக்கத்தில் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அலைவரிசைகளுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவாகப் பேண்ட் எண்கள் கொடுக்கப்பட்டிருப்பதனால் இது கடினமான காரியம் அல்ல. 4ஜி சேவைக்கு ஜியோ 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ்களை உபயோகிக்கிறது. இவற்றின் பேண்ட் எண்கள் முறையே 5, 3, 40. ஏர்டெல் 900, 1800, 2100, 2300 ஆகியவற்றை, அதாவது 8, 3, 1, 40 என்ற பேண்டுகளைக் கையாளுகிறது. வோடபோன் ஐடியாவுக்கு 900, 1800, 2100 ஆகியவற்றோடு சில வட்டாரங்களில் 2500-உம் உண்டு. அது பேண்ட் 41. பி.எஸ்.என்.எல். தன் 4ஜிக்கு 700-ஐயும் 2100-ஐயும், அதாவது 28, 1 ஆகிய பேண்டுகளை எடுத்துக்கொண்டிருக்கிறது. 5ஜியில் ஜியோவுக்கும் ஏர்டெல்லுக்கும் பொதுவான பிரதான அலைவரிசை 3500-ஐ ஒட்டிய என்78 என்பது. ஜியோ அதனுடன் 700-ஐச் சேர்ந்த என்28-ஐயும் வைத்திருக்கிறது.

இவற்றுள் ஒன்றிரண்டு பொருந்தினால் போதுமே என்று நினைப்பது பூரணமான சமாதானம் ஆகாது. குறைந்த மெகாஹெர்ட்ஸ் அலைகள் நெடுந்தூரம் செல்லவும் சுவர்களை ஊடுருவவும் வல்லவை; உயர்ந்தவை அதிக வேகத்தில் தகவலைச் சுமக்கும், ஆனால் விரைவிலேயே தளர்ந்துவிடும். எனவே 1800-ம் 2300-ம் மட்டுமே தெரிந்த ஒரு போன், நகரத்துக் கடைவீதியில் அமோகமாக வேலை செய்துவிட்டு, கிராமத்து வீட்டின் உள்ளறையிலோ அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலோ ஊமையாகிவிடக்கூடும். நாம் எந்த நிறுவனத்தின் சிம்மை உபயோகிக்கிறோமோ அதன் தாழ்ந்த பேண்ட், ஜியோவானால் 5, ஏர்டெல்லானால் 8, பி.எஸ்.என்.எல். ஆனால் 28, அந்தப் போனில் இருக்கிறதா என்று குறிப்பாகப் பார்ப்பதே விவேகம்.

வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், ஐரோப்பா ஆகிய இடங்களில் 1800-ம் 2100-ம் 3500-ஐ ஒட்டிய 5ஜியும் நம்மிடம் போலவே வழங்குவதனால், அங்கிருந்து வரும் போன்களில் அலைவரிசைத் தகராறு அபூர்வம். அமெரிக்கச் சரக்கிலும், ஜப்பானில் உள்நாட்டு உபயோகத்துக்கென்றே விற்கப்படும் சரக்கிலும்தான் ஜாக்கிரதை வேண்டும். அமெரிக்காவில் 600, 700, 1700 என்ற அலைவரிசைகளைச் சுற்றி, 71, 12, 13, 66 முதலிய எண்களோடு தனி உலகமே இயங்குகிறது. உயர்ந்த விலைக்கு விற்கும் ஐபோன், சாம்சங் ரகங்களில் உலகத்து அலைவரிசைகள் பெரும்பாலும் அடங்கிவிடும் என்றாலும், அந்நாட்டுச் சேவை நிறுவனங்கள் தம் வாடிக்கையாளருக்கென்று சலுகை விலையில் கொடுக்கும் ஆண்ட்ராய்டு போன்களில் நமக்கு வேண்டிய 40-ம் 28-ம் விடுபட்டிருப்பது சாதாரணம்.

இதை அறிய வழி என்னவென்றால், போனின் விளம்பரப் பெயரை விட்டுவிட்டு அதன் மாடல் எண்ணைப் பிடிப்பதுதான். பெயரும் உருவமும் ஒன்றாக இருக்கும் போனிலேயே, செல்லும் தேசத்துக்குத் தகுந்தபடி உள்ளே வானொலிப் பாகங்கள் மாறுபடுகின்றன. சாம்சங்கில் மாடல் எண்ணின் முடிவில் யு என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது அமெரிக்கச் சேவை நிறுவனத்தின் மூலமாக வந்தது. யு1 என்றிருந்தால் அமெரிக்காவிலேயே கட்டில்லாமல் விற்கப்பட்டது. ஐபோனில், அமைப்புகளுக்குள் போனைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால் மாடல் எண் தெரியும். அதன் கடைசியில் எல்எல் என்ற எழுத்துகள் அமெரிக்காவையும், எச்என் என்பவை இந்தியாவையும், ஜே என்பது ஜப்பானையும் சுட்டும். முதல் எழுத்து எம் என்றிருந்தால் புதிதாக விற்கப்பட்ட போன், எஃப் என்றிருந்தால் புதுப்பித்து விற்கப்பட்டது, என் என்றிருந்தால் பழுதான போனுக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டது என்பதும், பழைய போனைப் புதியதென்று சொல்லி விற்பவர்கள் உள்ள இக்காலத்தில் அறிந்துகொள்ளத்தக்க ரகசியம். மாடல் எண் கிடைத்ததும் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் அதற்கு நேராக உள்ள பேண்ட் எண்களை மேலே சொன்ன எண்களோடு ஒப்பிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அலைவரிசை பொருந்திய பிறகும் பூட்டு என்றொரு தடை உண்டு. சேவை நிறுவனம் தவணையிலோ தள்ளுபடியிலோ கொடுத்த போனில் வேறு நிறுவனத்தின் சிம் வேலை செய்யாதபடி மென்பொருளால் தடுத்து வைப்பதே இந்த லாக். கனடா 2017-லும், பிரிட்டனும் ஜப்பானும் 2021-லும் இந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தன. அமெரிக்காவில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. ஐபோனில் மேற்சொன்ன பக்கத்திலேயே, சிம் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்ற வாசகம் தெரிந்தால் கவலையில்லை. பூட்டைத் திறக்கும் உரிமை அதைப் பூட்டிய நிறுவனத்துக்கே உண்டு. ஆதலால் அந்த விண்ணப்பத்தை, வாங்கியவர் அந்த நாட்டில் இருக்கும்போதே முடித்துவிடுவது உத்தமம்.

சிம் செருகும் துவாரமே இல்லாத போன்களும் வந்துவிட்டன. 2022-இல் வெளியான ஐபோன் 14 முதல் அமெரிக்க ஐபோன்களிலும், 2025-இல் வெளியான ஐபோன் 17 முதல் வளைகுடா நாடுகளிலும் ஜப்பானிலும் விற்கப்படும் ஐபோன்களிலும் இ-சிம் மட்டுமே உண்டு. நம் நாட்டிலும் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா ஆகியவை இ-சிம் வழங்குவதால் இது தீராத சங்கடமன்று; எனினும், போன் பழுதானால் சிம்மைக் கழற்றி வேறொன்றில் போட்டுப் பேசிப் பழகிய பெரியவர்களுக்கு இத்தகைய போனைப் பரிசளிக்குமுன் ஒருமுறை யோசிப்பது நல்லது. இதற்கு நேர்மாறாகச் சீனாவிலிருந்து வரும் ஐபோன்கள் பலவற்றில் இரண்டு சாதாரணச் சிம்களைப் போடலாம், இ-சிம் கிடையாது.

இத்தனை பரிசோதனைகளிலும் தேறிய போன்கூட, எந்தக் காரியத்துக்காகத் தொலைபேசி என்று பெயர் பெற்றதோ அந்தக் காரியத்தில் தவறிவிடலாம் என்பதுதான் இவ்விஷயத்தில் மிகவும் விசித்திரமானது. இன்டர்நெட் ஓடும், வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசலாம், ஆனால் சாதாரண அழைப்பு மட்டும் போகாது, வராது. 2ஜியிலும் 3ஜியிலும் குரலுக்கென்று தனிப் பாதை இருந்தது. 4ஜி பிறந்ததே தகவல் போக்குவரத்துக்காக. அதில் குரலையும் தகவலாக மாற்றி அனுப்பும் ஏற்பாட்டுக்குத்தான் வோல்டி என்று பெயர். இந்த ஏற்பாடு, ஒவ்வொரு சேவை நிறுவனத்துக்கும் உரிய அமைப்பு விவரங்கள் போனின் மென்பொருளில் முன்கூட்டியே பதிந்திருந்தால்தான் இயங்கும். இந்தியாவில் விற்கும் உத்தேசமே இல்லாத ஒரு போனில் அந்தப் பதிவை எவரும் செய்து வைப்பதில்லை. 2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. ஆகவே வோல்டி இல்லாத போனில் ஜியோ சிம்மைப் போட்டால் குரல் அழைப்புக்கு வழியே கிடையாது. மற்ற நிறுவனங்களிடம் 2ஜி இன்னும் இருப்பதனால் அழைப்பு வந்ததும் போன் கீழிறங்கி அதில் பேசும். பேசி முடிக்கும் வரையில் இன்டர்நெட் நின்றுபோகும், குரலின் தெளிவும் குறையும்.

5ஜிக்கும் இந்த நியாயம் பொருந்தும். 2022 அக்டோபர் 1-ஆம் தேதி நம் நாட்டில் அச்சேவை தொடங்கப்பட்டபோது, ஐபோன் 12 முதலான போன்களில் வேண்டிய பாகங்கள் அனைத்தும் இருந்தும், அவ்வாண்டு டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் மென்பொருளைப் புதுப்பித்துக் கொடுத்த பிறகே அவற்றில் இந்திய 5ஜி கிடைத்தது. உள்நாட்டிலேயே முறையாக விற்ற போன்களின் கதை இதுவென்றால், இந்நாட்டைக் கருதாமல் செய்யப்பட்ட போன்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இறுதியாக, ஒவ்வொரு போனுக்கும் உரிய ஐஎம்இஐ என்னும் 15 இலக்க அடையாள எண்ணைப் பார்க்க வேண்டும். *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். முதல் 8 இலக்கங்கள் போனின் ரகத்தையும், அடுத்த 6 அந்தத் தனிப் போனையும் குறிக்க, கடைசி இலக்கம் மற்ற பதினான்கையும் கொண்டு கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு எண். தோன்றியபடி எழுதிய பொய் எண்கள் பலவும் அந்தக் கணக்கிலேயே அகப்பட்டுக்கொள்ளும். இவ்வெண் இல்லாத மலிவுப் போன்கள் நாடெங்கும் மலிந்திருந்ததனால், 2009 நவம்பர் முடிவோடு அவற்றுக்கான சேவையை நிறுத்தும்படி மத்திய அரசு உத்தரவிட்டது. இப்போதோ, கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு, ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அந்தப் போனின் யோக்கியதை தெரிந்துவிடும். 2023 மே மாதத்தில் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி என்னும் அரசாங்கச் சேவையிலும் இதே பரிசோதனை உண்டு. தடை செய்யப்பட்டது என்றோ, ஒரே எண் பல போன்களில் வழங்குகிறது என்றோ பதில் வந்தால் அந்தப் போனைத் தொடாமல் இருப்பதே மேல். இலங்கையில் வசிக்கும் வாசகர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். அங்கே 2025 முதல் புதிதாக வரும் போன்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது விதி.

போன் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தால், சொந்தச் சிம்மைப் போட்டுச் சிறிது நேரம் சோதிப்பதற்கு ஈடான பிரமாணம் வேறில்லை. வைஃபையை அணைத்துவிட்டு இன்டர்நெட் வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஒருவரைச் சாதாரண அழைப்பில் கூப்பிட்டு, பேசும்போதே திரையின் மேற்புறத்தில் 4ஜி அல்லது 5ஜி என்ற குறி நிற்கிறதா, 2ஜிக்கு இறங்குகிறதா என்று கவனியுங்கள். அவரையும் திருப்பி அழைக்கச் சொல்லுங்கள். ஒரு குறுஞ்செய்தியை வரவழையுங்கள். கட்டடத்துக்குள்ளேயும் நின்று இதைச் செய்து பார்த்துவிட்டால் குறை எதுவும் மறைந்திருக்க வழியில்லை.

வாரண்டி விற்ற நாட்டோடு முடிந்துவிடும் போன்கள் பல என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால், விலையில் சிறு வித்தியாசத்துக்காக வெளிநாட்டுப் போனை நாடுவது லாபகரமான காரியமாகத் தோன்றவில்லை. வித்தியாசம் பெரிதாக இருந்து, மேற்சொன்ன சோதனைகளிலும் போன் தேறினால், தாராளமாக வாங்கலாம். ஆகவே வெளிநாட்டிலிருந்து போன் கொண்டுவருவதாகச் சொல்லும் உறவினரிடம் இன்றே நான்கு விவரங்களைக் கேளுங்கள்: முழு மாடல் எண், பூட்டு உண்டா இல்லையா என்பது, சிம்மின் வகை, நம் சேவை நிறுவனத்தின் வோல்டி அதில் இயங்குமா என்பது. இந்த நான்கும் தெளிவாகத் தெரியும் வரையில் அவரைப் பணம் கட்ட விடாதீர்கள்.