குடலின் நீர்க்கணக்கு

உடம்பை வளர்ப்பது உணவு என்பதை யாவரும் அறிவர். ஆயினும், உண்ட உணவு தொண்டையைக் கடந்த பின்னர் அதற்கு நேர்வது யாது என்று எண்ணிப் பார்ப்பார் நம்முள் மிகச் சிலரே. பசித்தபோது உண்கின்றோம், வயிறு நொந்தபோது மட்டும் வயிற்றை நினைக்கின்றோம். சென்ற ஐப்பசி மழையின்போது சாந்தோமில் யாம் கண்ட நிகழ்ச்சியொன்று இப்பொருளை ஆராயுமாறு எம்மைத் தூண்டிற்று.

எம் அத்தையார் இல்லத்திற்கு அடுத்த வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையொன்று விடியற்காலை முதல் நீராய்க் கழிந்து வாடிக் கிடந்தது. கண்கள் குழிந்திருந்தன, நா உலர்ந்திருந்தது, அழுதபோதும் கண்ணீர் வரவில்லை. தண்ணீர்ச் செம்பைக் கண்டு அது கை நீட்டிற்று. "கொடுக்காதே, கொடுத்தால் இன்னும் போகும்" என்று சூழ நின்றோர் தடுத்தனர். யாமும் அதுவே முறையென்று கருதி வாளா நின்றோம். அவ்வமயம் அத்தெருவில் வாழும், ஓய்வுபெற்ற செவிலி அம்மையார் ஒருவர் விரைந்து வந்து, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டலானார். ஊட்டிக்கொண்டே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவும் செய்தார். குழந்தை பிழைத்தது. கல்லூரியிற் பயிலும் எமக்கு அன்று உண்டான நாணம் சிறிதன்று. அவ்வம்மையார் செய்ததன் காரணத்தை உணர வேண்டுமாயின், முதலில் உணவு செல்லும் வழியை உணர்தல் வேண்டும்.

உணவின் பயணம் வாயிலே தொடங்குகின்றது. பற்கள் அரைக்கின்றன, உமிழ்நீர் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்குகின்றது. சோற்றை நெடுநேரம் மென்றால் அது இனிப்பதன் காரணம் இதுவே. இரைப்பையோ உணவைக் கடைந்து கூழாக்குகின்றது. அங்கே சுரக்கும் அமிலம் புரதத்தைச் சிதைக்கத் துணைசெய்வதோடு, உணவுடன் புகுந்த கிருமிகளிற் பலவற்றையும் கொல்லுகின்றது. அதன் பின்னர் ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல். கணையநீரும் பித்தநீரும் ஈண்டு வந்து கலக்கின்றன. பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாகப் பிரிக்க, கணையநீர் எஞ்சியவற்றைச் செரிக்கச் செய்கின்றது. செரித்த சத்தைக் குடற்சுவரில் மயிர்போல் அடர்ந்துள்ள குடலுறிஞ்சிகள் ஈர்த்துக் குருதியிற் சேர்க்கின்றன. இறுதியாக, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் மிஞ்சிய நீரையும் உப்பையும் உறிஞ்சிக் கொள்ளுகின்றது.

இனி, வியப்புக்குரிய கணக்கொன்று உளது. நாளொன்றுக்கு நாம் உண்டும் பருகியும் உட்கொள்ளும் நீர் ஏறக்குறைய 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என்று உடம்பே குடலுட் சொரிவது ஏறக்குறைய 7 லிட்டர். ஆக 9 லிட்டர் நீர் நாடோறும் குடல்வழியே ஓடுகின்றது. அதில் மலத்தோடு வெளியேறுவது ஏறக்குறைய ஓர் ஆழாக்கு அளவே! எஞ்சியதனைத்தும் குருதிக்குத் திரும்புகின்றது. கொடுத்ததைத் திரும்பப் பெறும் இந்தக் கணக்குப் பிழைக்குமாயின், சில மணி நேரத்தில் உடம்பு வறண்டுபோம்.

அக்கணக்கைக் கொடிதாகப் பிழைக்கச் செய்வது காலரா என்னும் வாந்திபேதி. 1959ஆம் ஆண்டிற் கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் தே என்னும் அறிஞர், இந்நோய்க் கிருமி வெளியிடும் நஞ்சே குடலினின்றும் நீரைப் பெருகச் செய்கின்றது என்று முயற்குடலில் ஆய்ந்து காட்டினார். அந்நஞ்சு உப்பைக் குடலுக்குள் சொரியச் செய்கின்றது. உப்பின் பின்னே நீரும் ஓடுகின்றது. நம் நகரும் இந்நோயின் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. 1992ஆம் ஆண்டு வரையில் ஓ1 என்னும் வகைக் கிருமியே காலராக் கொள்ளைநோயை உண்டாக்கும் என்று கருதியிருந்தனர். அவ்வாண்டிற் சென்னையில் ஓ139 என்னும் புதுவகை தோன்றிப் பின்னர்க் கல்கத்தாவிலும் வங்காள தேசத்திலும் பரவிற்று. பழைய வகையால் முன்பு நோயுற்று எதிர்ப்பாற்றல் பெற்றவரையும் அது விடவில்லை.

ஆயினும், குடலின் வாயில்களுள் ஒன்றை இந்நஞ்சினால் அடைக்க இயலவில்லை. குளுக்கோசும் உப்பிலுள்ள சோடியமும் கைகோத்து உட்புகும் வாயில் அது. அவையிரண்டும் புகும்போது நீரும் உடன் புகும். வெறும் நீர் மட்டும் போதாமல், உப்பும் சர்க்கரையும் கூடிய நீர் வேண்டப்படுவதன் காரணம் இதுவே. 1971ஆம் ஆண்டு வங்காள தேசப் போரின்போது, பனகான் அகதி முகாமில் ஊசிவழி செலுத்தும் மருந்துநீர் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளரின் உறவினரைக் கொண்டே ஊட்டுவித்தார். நூற்றுக்கு ஏறக்குறைய 30 ஆக இருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கிற்று.

நம் நாட்டுக் கஞ்சியும் இவ்வழியைச் சேர்ந்ததே. சோற்றின் மாப்பொருள் மெல்ல மெல்லக் குளுக்கோசாக மாற, அதனுடன் இட்ட உப்பும் உட்புகுகின்றது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனினும் ஒருபடி மேற்சென்றது. சிறுகுடலிற் செரியாத ஒருவகைச் சோள மாவை உப்புச் சர்க்கரை நீருடன் காலரா நோயாளர்க்கு அளித்தனர். கழிச்சல் விரைவில் நின்றது. அம்மா பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகி, அவை உண்டாக்கும் அமிலங்களால் பெருங்குடல் உப்பையும் நீரையும் மிகுதியாக உறிஞ்சுகின்றது. நார்ச்சத்துள்ள கீரையும் பயறும் காயும் நோயற்ற காலத்தில் இந்நுண்ணுயிர்களைப் பேணுவனவாம்.

நோய் வாராமற் காப்பது எங்ஙனம்? மயிலையில் வாழ்ந்தவர் என்று வழிவழியாகச் சொல்லப்படும் திருவள்ளுவர், 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில் மூலிகையொன்றன் பெயரையும் கூறினாரிலர்; முன் உண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்பதையே வற்புறுத்தினார். இக்கால அறிவியலும் இதற்கு அரண் செய்கின்றது. வயிறு வெறுமையாக இருக்கும்போது, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை ஓர் அலை எழுந்து, எஞ்சிய துணுக்குகளைப் பெருங்குடலை நோக்கிப் பெருக்கித் தள்ளுகின்றது. இடைவிடாது தின்போர் வயிற்றில் அவ்வலை எழுதற்கு இடமில்லை. தேர்வுக் காலத்தில் நள்ளிரவு வரை எதையேனும் கொறித்துக்கொண்டு, காலையுணவைத் துறக்கும் நம் விடுதி மாணாக்கர் இதனைச் சிந்திப்பாராக!

மழைக்காலத்தில் தெருவெல்லாம் நீர் தேங்கிக் கழிவுநீர் குடிநீருடன் கலக்க நேரும்போது, காய்ச்சிய நீரையே பருகுக. உண்ணுமுன்னும், கழிப்பிடம் சென்று வந்த பின்னும் சோப்பினாற் கைகழுவுக. கழிச்சல் கண்டால் மருந்துக்கடையில் விற்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை, அதன்மேற் குறித்துள்ள அளவு நீரிற் கரைத்துக் கொடுக்க. அது கிட்டாதபோது, காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாக ஊட்டுக. அளவு மிகுதல் தீது; சர்க்கரை மிகுந்தால் நீர் குடலுக்குள்ளேயே இழுக்கப்படும். தாய்ப்பாலை நிறுத்தற்க. குருதி கலந்து கழிந்தாலும், கண் குழிந்தாலும், நோயாளர் சோர்ந்து மயங்கினாலும், ஊட்டிக்கொண்டே மருத்துவரிடம் செல்லுக.

அடுத்த வீட்டுக் குழந்தை தண்ணீருக்குக் கை நீட்டியபோது யாம் வாளா நின்றோம். இதனைப் படிக்கும் அன்பர் எவரும் இனி அங்ஙனம் நில்லாராயின், யாம் எழுதியதன் பயன் முற்றும் பெற்றோம்.