பாணந்துறைக் குரங்கும் ஐம்பது ஹெர்ட்ஸும்

2025ஆம் ஆண்டு பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் நல்ல வெயில். காலை 11 மணி கடந்து சில நிமிடங்களில் அந்தத் தீவு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. ஒரு நகரத்தில் மட்டும் அல்ல. வடக்கே யாழ்ப்பாணம் முதல் தெற்கே மாத்தறை வரை, 2 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் நாடு முழுவதும். மருத்துவமனைகள் ஜெனரேட்டருக்கு மாறின. பகுதி பகுதியாக மின்சாரம் திரும்பி வந்து முடிய மாலையாகிவிட்டது.

காரணம் கேட்டவர்களுக்கு அந்நாட்டு எரிசக்தி அமைச்சர் சொன்ன பதில் உலகச் செய்தியானது. கொழும்புக்குத் தெற்கே பாணந்துறையில் உள்ள துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டுவிட்டதாம். இலங்கை, குரங்கு என்றதும் உங்களுக்கு அனுமன் நினைவு வந்திருக்கும். வகுப்பில் இதைச் சொன்னபோது என் மாணவர்களும் முதலில் அதைத்தான் சொன்னார்கள்.

சிரித்து முடித்துவிட்டுக் கொஞ்சம் யோசிப்போம். குரங்கு, பாம்பு, பறவை, அணில் எல்லாம் மின்கம்பிகளில் சிக்குவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். ஒரு வட்டாரத்தில் சில மணி நேரம் மின்சாரம் இருக்காது, அவ்வளவே. அதற்காக ஒரு நாடே இருண்டு போவதில்லை. அன்று மட்டும் ஏன் அப்படி ஆனது?

இன்னொரு புதிரும் உண்டு. அன்று இலங்கையில் மின்சாரப் பற்றாக்குறை இல்லை. ஞாயிறு என்பதால் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்தன, மின்தேவை குறைவு. வெயிலோ தாராளம். அந்த நேரத்தில் நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூரியத் தகடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. மின்சாரம் தாராளமாக இருந்தபோதே அது நின்றது.

இந்தப் புதிரின் சாவி ஓர் எண்ணில் இருக்கிறது: 50.

நம் வீட்டுச் சுவரில் வரும் மின்சாரம் மாறுதிசை மின்னோட்டம் என்று படித்திருப்பீர்கள். நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை மூன்றிலும் இதே எண்தான். நிலக்கரி, எரிவாயு அல்லது நீர் விசையால் சுழலும் ராட்சத இயந்திரங்களின் வேகம்தான் அந்த எண்ணைத் தருகிறது. இரண்டு துருவங்கள் கொண்ட ஒரு மின்னாக்கி நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால் நொடிக்கு 50. ஒரே மின்வலையில் இணைந்த இப்படிப்பட்ட இயந்திரங்கள் எல்லாம், நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. ஒரே சங்கிலியால் இணைத்த பல மிதிவண்டிகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

மேடு வந்தால் மிதிவண்டியின் வேகம் குறைகிறது. மின்வலைக்கு மேடு என்பது திடீரெனக் கூடும் தேவை, அல்லது திடீரென நின்றுபோகும் ஒரு மின்நிலையம். கம்பிக்குள் மின்சாரத்தைச் சேமித்து வைக்க முடியாது. தயாராவதும் செலவாவதும் ஒவ்வொரு கணமும் சமமாக இருக்க வேண்டும். குறை ஏற்பட்டால் அதை உடனடியாக ஈடுகட்டுவது, சுற்றிக்கொண்டிருக்கும் அந்த எஃகின் இயக்க ஆற்றல்தான். அது கரையக் கரைய வேகம் குறையும். 50 என்பது 49.9, 49.8 என இறங்கும். பெரிய மின்நிலையம் ஒன்றின் சுழலும் பாகங்கள் நூறு டன்னுக்கு மேல்கூட எடை இருக்கும். அவ்வளவு எளிதில் வேகம் குறையாது. இதுதான் நிலைமம். படிவம் 4 இயற்பியலில் ‘இனெர்சியா’ என்று படிக்கிறீர்களே, அதேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? எண்கள் என் கற்பனை, இயற்பியல் உண்மை. ஒரு தீவில் சுழலும் இயந்திரங்களில் மொத்தம் 5,000 மெகாஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. 100 மெகாவாட் தரும் ஒரு நிலையம் திடீரென நின்றுவிடுகிறது. அப்படியானால் நொடிக்கு 100 மெகாஜூல் குறைகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது என்பது நினைவிருக்கும். 50 ஹெர்ட்ஸ் 49 ஆக இறங்கினால் (49/50)², அதாவது சுமார் 0.96, ஆகவே 4 விழுக்காடு ஆற்றல், ஏறக்குறைய 200 மெகாஜூல் போயிருக்கும். அதற்கு 2 நொடி ஆகும். இப்போது அதே தீவில் பல இயந்திரங்களை நிறுத்திவிட்டு, அவற்றுக்குப் பதில் சூரியத் தகடுகளை ஓட விடுங்கள். சுழலும் ஆற்றல் 1,000 மெகாஜூல்தான் மிச்சம். அதே 100 மெகாவாட் இழப்பு. அதே 49 ஹெர்ட்ஸை இப்போது 0.4 நொடியில் தொட்டுவிடும்.

2 நொடிக்கும் 0.4 நொடிக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். நீர்மின் நிலையத்தின் கதவு திறந்து கூடுதல் நீர் வருவதற்கும், எரிவாயு நிலையம் வேகம் பிடிப்பதற்கும் சில நொடிகள் தேவை. அந்த அவகாசத்தைத் தருவதே நிலைமம். அவகாசம் இல்லாவிட்டால், தங்களைக் காத்துக்கொள்ள ஒவ்வொரு நிலையமும் தானாகவே வலையிலிருந்து விலகும். ஒன்று விலகினால் மற்றவற்றின் மீது பாரம் கூடும், அவையும் விலகும். சீட்டுக்கட்டு வீடு சரிவதுபோல் சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

சூரியத் தகட்டில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. அது தருவது நேர்திசை மின்னோட்டம். அதை இன்வர்ட்டர் என்ற மின்னணுக் கருவி மாற்றி வலைக்கு அனுப்புகிறது. கூரைகளில் இருக்கும் சாதாரண இன்வர்ட்டர், வலையில் ஏற்கெனவே ஓடும் 50 ஹெர்ட்ஸைக் கேட்டு அதைப் பின்பற்றும். பஜனையில் தாளம் போடுபவரைப் பார்த்துக் கைதட்டும் கூட்டம்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளக்காரர் எழுந்து போய்விட்டால் கூட்டமும் நிறுத்திவிடும். அதனால்தான் அன்று இலங்கையில், கூரை நிறையத் தகடு வைத்திருந்த பெரும்பாலான வீடுகளிலும் உச்சி வெயிலில் மின்விசிறி சுற்றவில்லை. இது கோளாறு அல்ல. வலை செத்துவிட்டது என்று நம்பிக் கம்பியில் கை வைக்கும் பழுதுபார்ப்பவரைக் காப்பாற்ற, வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு.

நுரைச்சோலையில் உள்ள நிலக்கரி மின்நிலையம், இலங்கையின் மிகப் பெரியது, அன்று நின்றது. நிலக்கரி நிலையத்தைச் சுவிட்சைத் தட்டி உடனே எழுப்ப முடியாது. அடுத்த சில நாட்களுக்கும் சுழற்சி முறையில் மின்வெட்டு இருந்தது.

பெருநிலத்தில் உள்ள ஒரு நாட்டுக்கு இப்படி நேர்ந்தால் அண்டை நாட்டின் வலை கை கொடுக்கும். தீவுக்கு அந்த வசதி இல்லை. இலங்கையை இந்தியாவுடன் கடலடிக் கம்பியால் இணைப்பது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். அன்று அப்படி ஒன்று இல்லை.

அப்படியானால் தீவுகளுக்குச் சூரியனும் காற்றும் ஒத்துவராதா? பலர் அவசரமாக அந்த முடிவுக்கு வந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இலங்கையைவிடச் சின்ன தீவுகள் இதைச் சமாளித்திருக்கின்றன.

ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் தாஸ்மேனியாவுக்கும் நடுவில் கிங் தீவு இருக்கிறது. ஏறக்குறைய 1,600 பேர்தான். 1998 முதல் அங்கே காற்றாலை ஓடுகிறது. காற்று தேவைக்கு மேல் மின்சாரம் தரும்போது, மிச்சத்தை ஒரு பெரிய மின்தடையத்தில் சூடாக எரித்துவிடுகிறார்கள். வீண் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் காற்று சட்டென்று தணியும்போது, தடையத்துக்குப் போவதைக் கண நேரத்தில் குறைத்து ஊருக்குத் திருப்பலாம். எரிக்கும் மிச்சமே அவசரச் சேமிப்பு ஆகிறது. கூடவே ஒரு கனத்த சுழல்சக்கரமும் மின்கலமும் உண்டு. காற்று நன்றாக அடிக்கும் நேரங்களில் டீசல் இயந்திரங்களை அங்கே முற்றாக நிறுத்திவைக்க முடிகிறது.

ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான எல் ஹியேரோ வேறு வழியில் போனது. 2014இல் திறக்கப்பட்ட திட்டம் அது. காற்று மிகும்போது நீரை எரிமலைக் குழி ஒன்றில் உள்ள மேல் குளத்துக்கு ஏற்றுகிறார்கள்; குறையும்போது அந்த நீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். 2019இல் 24 நாட்கள் தொடர்ந்து காற்றையும் நீரையும் மட்டும் கொண்டு தீவு இயங்கியது. ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் பங்கு ஏறக்குறைய பாதிதான். விளம்பரங்களில் இந்தப் பாதியைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது ஹவாயில் உள்ள கவாய். சுமார் 70,000 பேர் வாழும் தீவு. பக்கத்துத் தீவுகளுடன்கூட மின்கம்பித் தொடர்பு இல்லை. பகலில் சூரியத் தகடுகள் பெரிய மின்கலங்களை நிரப்பும். மாலையில் அவை ஊருக்கு மின்சாரம் தரும். 2021 நவம்பர் 21, விடியற்காலை. தீவின் மிகப் பெரிய எண்ணெய் ஜெனரேட்டர், அந்த நேரத் தேவையில் சுமார் 60 விழுக்காட்டைத் தந்துகொண்டிருந்தது, திடீரென நின்றது. இலங்கையில் நடந்ததைவிட விகிதத்தில் மிகப் பெரிய அடி இது. ஆனால் தீவு இருளவில்லை. மின்கலங்கள் நொடிக்கும் குறைவான நேரத்தில் பாரத்தை ஏற்றுக்கொண்டன.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. ஏறக்குறைய ஒரு நிமிடம் வலை நொடிக்கு 18 முதல் 20 முறை நடுங்கியது. தாளக்காரர் போனபின் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துத் தாளம் போட முயன்ற குழப்பம் என்று சொல்லலாம். ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை அலசி, ஒரு மின்கல நிலையத்தின் இன்வர்ட்டர்களை ‘வலையை உருவாக்கும்’ வகைக்கு மாற்றினார்கள். இந்த வகை, மற்றவரைப் பார்த்துக் கைதட்டாது. தானே 50 அல்லது 60 என்று தாளத்தை நிலைநிறுத்தும். (அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ்.) 2023இல் மீண்டும் ஒரு ஜெனரேட்டர் நின்றபோது பழைய நடுக்கம் வரவில்லை.

கவாயில் இன்னொரு தந்திரமும் உண்டு. எரிபொருள் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, அதன் மின்னாக்கியை மட்டும் வலையின் மின்சாரத்தால் மோட்டார்போலச் சுற்ற விடுகிறார்கள். எண்ணெய் எரிவதில்லை, கனத்த சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மீண்டும் இலங்கைக்கு வருவோம். மின்தடைக்கு இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்சார சபை ஒரு வேண்டுகோள் விடுத்தது. ஏப்ரல் 13 முதல் 21 வரை, பகல் 3 மணி வரை கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்திவையுங்கள் என்றது. தொழிற்சாலைகள் மூடியிருக்கும், தேவை குறையும், மீண்டும் பிப்ரவரி 9 போல ஆகிவிடக்கூடாது என்ற அச்சம். கடன் வாங்கித் தகடு பொருத்திய ஒரு குடும்பத்துக்கு இது எப்படி இருந்திருக்கும்? அரசு சொல்லித்தான் பொருத்தினார்கள். இப்போது அணைக்கச் சொல்கிறது. வலையைக் கவனிக்கும் பொறியாளரின் நிலையிலும் நின்று பாருங்கள்: பல்லாயிரம் கூரைகள் எவ்வளவு தருகின்றன என்பது அவருக்குத் திரையில் சரியாகத் தெரியாது, அவற்றை அவரால் கட்டுப்படுத்தவும் முடியாது. தகடுகள் வேகமாகப் பெருகின. மின்கலமும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் அந்த வேகத்தில் வரவில்லை. தவறு வெயிலின் மீது இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் பக்கத்திலும் இந்த வேலை தொடங்கிவிட்டது. ஒரு காலத்தில் புலாவ் உபினில் வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர் உறுமியது. 2013இல் அங்கே படகுத்துறைப் பகுதியில் சூரியத் தகடுகளும் கொண்ட ஒரு சிறு மின்வலையைச் சிங்கப்பூர் சோதனைக்கு அமைத்தது. 2023 பிப்ரவரியில் ஜூரோங் தீவில் 285 மெகாவாட்-மணி கொள்ளளவு உள்ள மின்கல நிலையம் திறக்கப்பட்டது. தீபகற்ப மலேசியாவுடன் கம்பித் தொடர்பு இல்லாத சபாவில், மின்வெட்டுக்குப் பழகிப்போன கிழக்குக் கரையில், லாஹாட் டத்துவில் 100 மெகாவாட் மின்கல நிலையம் அமைந்திருக்கிறது. அதன் கொள்ளளவு 400 மெகாவாட்-மணி. முழு வேகத்தில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கணக்கை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.